பதினேழாம் நம்பர் காட்டில் ஓர் ஆள்

யூஜினியா சிரிக்கத் தொடங்கியது 1952 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் அவள் சிரித்துப் பார்த்தவர்கள் தோட்டத்தில் மூன்று பேர்தான். அவர்களில் ஒருவன் அவள் கணவன் ராஃபேல். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் அவனைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

அது ரப்பர் தோட்டம், கோலசிலாங்கூரிலிருந்து பதினோரு கட்டை, அதாவது பதினோரு மைல், தள்ளி இருந்தது. அந்த வருடம் அங்கே எல்லோருக்கும் பயம் இருந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி இருந்தது. காலையில் வேலிக் கேட்டைத் தாண்டும் ஒவ்வொருவரையும் மடி வரை சோதித்தார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போனாலும் அது காட்டுக்காரர்களுக்குப் போவதாக அர்த்தம். அதற்குச் சிறை, அல்லது இந்தியாவுக்குக் கப்பல்.

மற்றவர்கள் மதியத்துக்குமேல் பயத்தை மறந்தார்கள். யூஜினியா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாளைக்காகக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இடி, நாய், அட்டை, கேட்டில் சோதனை போடும் பெண் போலீஸ், வேலை வாங்கும் மண்டோர், தன்னுடைய சொந்தக் குரல். எல்லாவற்றுக்கும் பயந்தாள். மண்டோர் இதைத் தெரிந்துகொண்டுதான் பதினேழாம் நம்பர் காட்டை அவளுக்குக் கொடுத்தார். ரப்பர் மர நிரையைத்தான் தோட்டத்தில் காடு என்பார்கள்; இது நிஜமான பெரிய காட்டை ஒட்டிய கடைசி நிரை. வேறு யாருக்குக் கொடுத்திருந்தாலும் சண்டை வந்திருக்கும்.

அவள் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள். ஒரு பால்மரத்தின் பட்டையை வெட்டும் நேரத்தில் ஒரு மங்கள வார்த்தை ஜெபம் முடியும். மாலையில் அப்படி ஐம்பத்து மூன்று. ஆகவே ஐம்பத்து மூன்று மரத்துக்கு ஒரு மாலை. முந்நூற்றுச் சொச்சம் மரங்கள். ஆறு மாலை முடியும்போது நிரையும் முடிந்துவிடும். நடுவில் ஒரு விநாடிகூட அவள் காது சும்மா இருக்காது. சும்மா இருந்தால் காட்டுக்குள் காலடி கேட்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் மாலையின் கடைசி மணியில் நூல் அறுந்தது. மணிகள் கால்வாயில் விழுந்தன. யூஜினியா ஐம்பத்து மூன்றாம் மரத்தடியில் நின்றாள். எண்ணிக்கை போனதும் ஜெபமும் வாயில் வரவில்லை.

"ஆண்டவரே, மாலை அறுந்துபோச்சு," என்றாள். "இப்ப நான் என்ன சொல்றது?"

யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் யாரோ கேட்டார்கள். யாரும் இல்லாத அமைதிக்கும், ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் அமைதிக்கும் வித்தியாசம் உண்டு. ஒன்பது வருடம் தனியாகப் படுத்தவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

அடுத்த மரத்தில் அவள் மகள் டொரீனுக்குப் பல் விழுந்ததைச் சொன்னாள். அதற்கடுத்த மரத்தில், விழுந்த பல்லைக் கோழி விழுங்கியதைச் சொன்னாள். சொல்லும்போதுதான் அது எவ்வளவு பெரிய வேடிக்கை என்று புரிந்தது. சிரித்தாள். உளி கையிலிருந்து நழுவியது. நாற்பது மரங்களாகத் தான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது நூறாவது மரத்தில்தான் உறைத்தது.

பிறகு அது பழகிவிட்டது. தினமும் பேசினாள். ஆரம்பத்தில் வார்த்தைக்கு வார்த்தை 'ஆண்டவரே' என்றாள். போகப்போக அது குறைந்தது. பக்கத்தில் இருப்பவரை யார் நொடிக்கொரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? "இங்க பாருங்க" என்றால் போதும் என்றாயிற்று.

தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் மாறியது தெரிந்தது. பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது அவள் "இருக்கேன்!" என்று சத்தமாகச் சொன்னாள். மண்டோர் பென்சிலைக் கீழே போட்டார். கேட்டில் சோதனை போட்ட பெண் போலீஸுக்குக் கூச்சம் வரும்படி சிரித்தாள். பக்கத்து வீட்டு நல்லம்மாளோடு ஒரு கொடிக்கயிற்றுக்காக நான்கு வருடம் பேச்சில்லை. ஒரு சனிக்கிழமை அவள் வாசலில் போய் நின்று, "அக்கா, கயிறை நீங்களே வச்சுக்குங்க, எனக்குச் சண்டை போட்டது மறந்துபோச்சு," என்றாள்.

நல்லம்மாள் சந்தேகமாகப் பார்த்தாள். "காய்ச்சலாடி உனக்கு?"

"இல்லக்கா. நல்லாருக்கேன். ரொம்ப நல்லாருக்கேன்."

நல்லம்மாளுக்கு ஐந்து பிள்ளைகள். பங்கீட்டு அரிசி வியாழக்கிழமையோடு தீர்ந்துவிடும். யூஜினியா வீட்டில் ஒரு பிடியரிசிப் பானை இருந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துப் பானையில் போடுவது அவர்கள் வேதக்காரக் குடும்பங்களின் வழக்கம். சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். ஊரடங்கு வந்தபின் கிள்ளானிலிருந்து சாமியார் மாதம் ஒரு தடவைதான் வந்தார். அரிசியில் வண்டு விழுந்தது. இதையும் யூஜினியா ஒருநாள் மரத்தடியில் பேசித் தீர்த்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பானை நல்லம்மாள் வீட்டில் கவிழ்ந்தது.

இப்படி ஏழு மாதம் போனது. அக்டோபரில் புதிய காவல்காரன் ஒருவனைப் பதினேழாம் நம்பர் காட்டோரம் ரோந்துக்குப் போட்டார்கள். பெயர் அர்ஜுனன். ராசா என்ற ஊரிலிருந்து வந்தவன். இருபது வயது, தோளில் துப்பாக்கி, அதைவிடக் கனமான ஒரு நோட்டுப் புத்தகம். அதில் அவன் தொடர்ந்து மூன்று நாள் எழுதினான்.

வியாழக்கிழமை மதியம் யூஜினியாவை ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே போலீஸ் துரை உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர், இருபத்துமூன்று வயதுகூட இருக்காது, முகம் முழுக்கக் கொசுக்கடி. மேசைமேல் அவளுடைய பிடியரிசிப் பானை இருந்தது. மொழிபெயர்க்க, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சுப்பிரமணியம் நின்றார். இரண்டு மாதத்துக்கு முன் காட்டுக்காரர்கள் ஆபீசைச் சுட்டபோது கத்தியோடு ஜன்னலில் நின்றவர் என்று தோட்டத்தில் அவருக்குப் பெயர்.

அர்ஜுனன் நோட்டைப் படித்தான். "திங்கட்கிழமை. 'ராத்திரி அவ்வளவு மழை, எங்க இருந்தீங்க?' அப்புறம் சிரிப்பு. செவ்வாய்க்கிழமை. 'உங்களுக்குன்னு ஒரு பிடி எடுத்து வச்சிட்டேன், மறக்கல.' புதன்கிழமை. 'போங்க, உங்களுக்குத் தெரியாததா? நாளைக்கு இதே மரத்துக்கிட்ட மீதியைச் சொல்றேன்.'" நோட்டை மூடினான். "ஆம்பளை ஆள் மாதிரிதான் இருக்கு, துரை. மரியாதை குடுத்துப் பேசுது."

துரை கேட்டார். கிராணி தமிழில் சொன்னார். "யாரும்மா அந்த ஆளு?"

"ஆண்டவர்," என்றாள் யூஜினியா.

"எந்த ஆண்டவர்?"

"ஒருத்தர்தானேய்யா."

"எத்தனை நாளாப் பழக்கம்?"

"ஞானஸ்நானம் வாங்கினதிலேருந்து பேர் மட்டும் தெரியும். மார்ச் மாசத்திலேருந்துதான் நல்ல பழக்கம்."

துரை எழுதினார். "உயரம்? நிறம்?"

"பாத்ததில்லைய்யா."

"பார்க்காத ஆளோட எப்படிப் பேசுறேன்னு கேக்குறாரு."

"துரை கோலாலம்பூருக்கு டெலிபோன்ல பேசுறாங்களே."

கிராணி இதை மொழிபெயர்க்க யோசித்தார். பிறகு சொன்னார். துரை பென்சிலைக் கடித்தார். தாள்களைப் புரட்டிவிட்டு வேறொரு கேள்வி கேட்டார். கிராணி குரலைத் தாழ்த்தினார். "உன் புருஷன் சயாம்லேருந்து தப்பிச்சு வந்து காட்டுல சேந்துட்டானா?"

"அவரு வந்திருந்தா நான் ஏன்யா காட்டுல போய்ப் பேசுறேன்? வீட்ல வச்சே சண்டை போட்டிருப்பேனே," என்றாள்.

வாசலில் சத்தம் கேட்டது. நல்லம்மாள், இடுப்பில் கடைசிப் பிள்ளையோடு. "அந்தப் பானை எங்க வீட்டுது! அதாவது அவ வீட்டுது, அரிசி எங்க வீட்டுது! காட்டுக்காரனுக்கா? அஞ்சு பிடி அரிசில எந்தக் காட்டுக்காரன் உயிர் வாழுவான்? என் சின்னப் பயலே ஒரு வேளைக்குத் தின்னுருவான்! வேணும்னா இவன் வயித்தைச் சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்க, கிராணி!" பிள்ளையை மேசைமேல் உட்கார வைத்தாள். பிள்ளை துரையின் தொப்பியை எடுத்துக் கடித்தது.

அரிசிக் கேள்வி அதோடு முடிந்தது. துரை பானையைத் தள்ளி வைத்தார். ஆனால் பேச்சுக் கேள்வி முடியவில்லை. அவர் நீளமாக ஏதோ சொன்னார். கிராணி நெற்றியைத் துடைத்துக்கொண்டு சுருக்கமாகச் சொன்னார்.

"நாளைக்குக் காலைல துரை மறைஞ்சிருந்து கேப்பாரு. நானும் வரணும். நீ வழக்கம்போலப் பேசணும். சாமிகிட்ட பேசுறதுதான்னு அவருக்கு நம்பிக்கை வந்தா விட்டுருவாரு. இல்லாட்டிக் காவல் முகாம். அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்லா, யூஜினியா. பிள்ளை இங்க, நீ அங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் 'பிள்ளை இங்க' என்பது மட்டும் அவள் காதில் ஒலித்தது.

மாலையில் டொரீன் கேட்டாள், "நாளைக்கு ஆண்டவர் வருவாராம்மா?"

"அவர் வந்துருவாரு. எனக்குத்தான் பேச்சு வருமான்னு தெரியலை."

வரவில்லை.

காலை ஏழு மணி. முதல் மரம், இரண்டாம் மரம், மூன்றாம் மரம். பட்டையைச் சீவினாள், பால் கோட்டில் இறங்கியது, மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. அவள் வாய் ஒட்டிக்கொண்டது. பின்னால் வரிசைக்கு வரிசை மறைந்து நான்கு ஆண்கள் வந்தார்கள். துரை, கிராணி, அர்ஜுனன், இன்னொரு போலீஸ்காரர். கிராணியின் வயிறு எந்த மரத்துக்குப் பின்னாலும் மறையவில்லை. மற்ற நாளாக இருந்தால் இதை முதலில் ஆண்டவரிடம்தான் சொல்லியிருப்பாள். இன்று அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தும் கூச்சமாக இருந்தது. நான்கு பேர் பார்க்க யாரால் நெருங்கியவரோடு பேச முடியும்?

இருபதாம் மரத்தில் மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொல்லிப் பார்த்தாள். பின்னாலிருந்து கிராணி கிசுகிசுத்தார். "இது இல்லம்மா! இது பாடம் மாதிரி இருக்குன்னு துரை சொல்றாரு! மத்தது, மத்தது!"

முப்பது. நாற்பது. "பேசும்மா," என்று கிராணியின் குரல் கெஞ்சியது. "எதையாச்சும் பேசித் தொலை. கப்பல்லா!"

ஐம்பத்து மூன்றாம் மரத்துக்கு வந்துவிட்டாள். மாலை அறுந்த இடம். உளியை வைத்தாள், எடுத்தாள். ஒன்றும் வரவில்லை. டொரீன் பல்லில்லாமல் சிரிக்கும் முகம் கண்ணுக்குள் வந்தது.

அப்போது துரை, இன்னும் கொஞ்சம் அருகில் கேட்கலாம் என்று, கால்வாயின் குறுக்கே கிடந்த பலகையில் கால் வைத்தார்.

பலகை உளுத்துப்போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. தோட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும். துரையிடம் யாரும் சொல்லவில்லை. அவர் சத்தமில்லாமல் இடுப்புவரை பழுப்புத் தண்ணீரில் இறங்கினார். சேறு கொப்புளம் விட்டது. தொப்பி மட்டும் ஒழுங்காக மிதந்து போனது. கிராணி குடைக்கம்பை நீட்டினார், அர்ஜுனன் துப்பாக்கியை நீட்டினான். எதைப் பிடிப்பது என்று துரைக்குத் தெரியவில்லை. சிரிக்க ஒருவருக்கும் துணிவில்லை.

யூஜினியா வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது.

"இங்க பாருங்க," என்றாள். "பாத்தீங்களா? நீங்கதானே அந்தப் பலகையை உளுக்க விட்டீங்க! எனக்காகவா? இல்ல, அது மண்டோர் மாத்தாம விட்டது. சரி, யாரோ ஒருத்தர்."

அவ்வளவுதான். அடைப்பு எடுத்தாற்போல வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த மரத்துக்குப் போனாள்.

"பாவம், அந்தத் துரைப் பையனைப் பாருங்க. முகத்துல கொசு கடிக்காத இடமே இல்லை. கடல் தாண்டி வந்து நம்ம கால்வாயில விழணும்னு எழுதியிருக்கு. அவங்கம்மா அங்க தூங்குவாங்களா? நீங்க போய்ச் சொல்லுங்க, பிள்ளை நல்லாருக்கான், கொஞ்சம் நனைஞ்சிருக்கான்னு."

கிராணி துரையின் காதருகில் ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். துரை நின்றுவிட்டார். பூட்ஸிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அந்த அர்ஜுனன் தம்பி. கேட்ல நின்னுக்கிட்டே தூங்குறான். குதிரை மாதிரி. யாரும் பாத்துறாம காப்பாத்துங்க. அவனும் பிள்ளைதானே, எழுதுறதுக்குத்தான் சொன்னாங்க, எழுதினான்."

அர்ஜுனன் தரையைப் பார்த்தான்.

"அப்புறம் கிராணி ஐயா." கிராணி நிமிர்ந்தார். "அன்னைக்குச் சுட்டப்ப அவரு பால் தொட்டிக்குள்ள இறங்கி ஒளிஞ்சதை நான் ஸ்டோர் பக்கத்துலேருந்து பாத்தேன். இன்னைவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க. தலைமுடியெல்லாம் பால் உறைஞ்சு, சீப்பு இறங்காம, மொட்டை போட்டுக்கிட்டு, பத்துமலை வேண்டுதல்னு சொன்னாரே. பயப்படுறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் முப்பது வருஷம் அந்தத் தொட்டியிலதான் இருந்தேன். என்னை வெளிய தூக்கினீங்களே, அவரையும் தூக்குங்க."

கிராணி மொழிபெயர்ப்பதை நிறுத்தினார். துரை கேட்டார். "ஓர் ஊழியருக்காக வேண்டுகிறாள்," என்றார் கிராணி ஆங்கிலத்தில்.

எந்த ஊழியர் என்று துரை கேட்டார்.

கிராணி தொப்பையை ஒருமுறை உள்ளே இழுத்தார். பிறகு விட்டுவிட்டார். "நான்தான்," என்று தொடங்கி, தொட்டி, பால், மொட்டை, பத்துமலை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மொழிபெயர்த்தார். சொல்லி முடித்தபோது அவர் முகம், இரண்டு மாதமாகச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர் முகம்போல இருந்தது.

யூஜினியாவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவள் ஆறு மரம் முன்னால் போயிருந்தாள். பெரிய காட்டின் விளிம்பு வந்துவிட்டது. அவள் குரல் தாழ்ந்தது. ஆண்கள் ஓடி நெருங்கினார்கள்.

"உள்ள இருக்காங்களே, அந்தப் பிள்ளைங்க. அவங்களுக்கும் பசிக்கும். போன வாரம் ஒரு இருமல் கேட்டுச்சு, சின்னப் பையன் இருமல். அவங்க செய்யுறது தப்புதான். அவங்களுக்குச் சோறு குடுக்க எனக்குச் சட்டம் இல்லை. நான் குடுக்கவும் மாட்டேன், எனக்கு டொரீன் இருக்கா. நீங்க குடுங்க. உங்களைக் கேட்ல யாரும் சோதிக்க மாட்டாங்க."

கிராணியின் வாய் திறந்தபடி நின்றது. அர்ஜுனன் அவர் கையைப் பிடித்தான். "வேணாம் ஐயா. இதைச் சொல்லாதீங்க."

துரை இருவரையும் பார்த்தார். முழுவதும் வேண்டும் என்றார்.

சற்றுமுன் தன்னைப் பற்றியே உண்மை சொல்லியிருந்த மனிதர், இப்போது பொய்யைத் தேடினார். கிடைக்கவில்லை. சொன்னார். கடைசி வாக்கியத்தையும் சொன்னார்.

துரை யூஜினியாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். காட்டுக்குள் ஒரு குரங்கு கத்தியது. அவர் காலில் ஓர் அட்டை ஏறியது, அவர் அதைத் தட்டவில்லை. பிறகு அவர் தோள் குலுங்கியது. மெதுவாக ஒரு மரத்தில் சாய்ந்தார், சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்தார், சேற்றில், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மற்ற போலீஸ்காரருக்குத் தமிழும் தெரியாது ஆங்கிலமும் தெரியாது. துரை சிரிக்கிறார் என்பதால் அவரும் சிரித்தார். கிராணி மொட்டை வளர்ந்த தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். யூஜினியா திரும்பிப் பார்த்து, இவர்கள் இன்னும் போகவில்லையா என்று வெட்கப்பட்டு, பால்வாளியின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஆபீசில் அறிக்கையைக் கிராணிதான் தட்டச்சு செய்தார். துரை சொல்லச்சொல்ல அடித்தார். தொடர்பு கொண்ட ஆள்: ஒருவர். வயது: தெரியாது. ஆயுதம்: இல்லை. நடவடிக்கை: இந்தப் பெண்ணை வேலைக்குத் திருப்பி அனுப்பவும். அந்த ஆளைப் பிடிக்க ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

டொரீனுக்கு அன்று மாலை நல்லம்மாள் வீட்டிலிருந்து பாசிர் பெனம்பாங் மீனவர்களிடம் வாங்கிய கருவாட்டில் குழம்பு வந்தது. எந்தக் கொடியில் எந்தத் துணி என்று யாரும் பார்க்கவில்லை.

மறுவாரம் திங்கட்கிழமை யூஜினியா நிரையில் பாதி வந்திருந்தாள். அர்ஜுனன் வரப்போரம் கூடவே நடந்துகொண்டிருந்தான். நோட்டுப் புத்தகம் இல்லை. நாலு தடவை தொண்டையைச் செருமினான்.

"அக்கா."

"என்ன தம்பி?"

"எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாமப் போய்க்கிட்டிருக்கு. ராசாவுல தனியா இருக்காங்க. நீங்க பேசுறப்ப, எனக்காகவும் ஒரு வார்த்தை..."

"நீயே சொல்லு."

"நானா? எனக்கு உங்க ஜெபமெல்லாம் தெரியாதே. நான் வேதக்காரனும் இல்லை."

"எனக்குந்தான் மாலை அறுந்துபோச்சு," என்றாள் யூஜினியா. "சொல்லு. நடுவுல கிராணி எதுக்கு?"

அவன் சுற்றிலும் பார்த்தான். துப்பாக்கியை ஒரு மரத்தில் சாய்த்து வைத்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான், மறுபடி கழற்றினான்.

"இங்க பாருங்க," என்று தொடங்கினான்.

யூஜினியா அவன் பேசுவது காதில் விழாதபடி நான்கு மரம் முன்னால் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து அவளுக்கும் சொல்ல நிறைய இருந்தது.